ரிவர்ஸ் கியரில் கும்மிடிப்பூண்டிக்கு

ஒரு திங்கட்கிழமை காலை. சென்னையிலிருந்து கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டில் கவரைப்பேட்டையைத் தாண்டி எங்கள் லாரி கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முகம் முன்னால், முதுகு பின்னால், எல்லா லாரியையும் போலத்தான் போனது. ஆனால் போட்டிருந்தது ரிவர்ஸ் கியர்.

இதைப் படிக்கும் லாரிக்காரர்கள் இந்நேரம் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன். ரிவர்ஸ் போட்டால் வண்டி பின்னால் போக வேண்டும். எங்கள் வண்டி முன்னால் போனது. வேறு எந்தக் கியரைப் போட்டாலும் பின்னால் போனது. ஐந்து கியரில் பின்னால் போகவும் ஒரே ஒரு கியரில் முன்னால் போகவும் தெரிந்த லாரி, எனக்குத் தெரிந்து, திருவள்ளூர் மாவட்டத்தில் அது ஒன்றுதான்.

வேகம் என்று சொல்ல எதுவும் இல்லை. ரிவர்ஸ் கியரில் வண்டி எவ்வளவு ஓடும்? இறங்கி நடந்தால் நான் முன்னால் போய்விடுவேன். இன்ஜின் மட்டும் ஏதோ மலை ஏறுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

அதைவிடக் கேவலம் அந்த ஹாரன். வண்டி பின்னால் வருகிறது, விலகுங்கள் என்று ஊருக்குச் சொல்வதற்காக, ரிவர்ஸ் கியர் விழுந்ததும் தானாகப் பாடும் ஹாரன் ஒன்று அந்தக் காலத்து லாரிகளில் இருந்தது. எங்களுடையதிலும் இருந்தது. கீச்சுக் குரலில் ஏதோ ஒரு மெட்டை வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்காரர், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் பின்னால் வந்து இடித்துவிடுவோம் என்று பயந்து, ஒரு பர்லாங் தள்ளியே வந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் அவரைத் திட்டிக்கொண்டு வந்தார்கள்.

கீரைக்கட்டு வைத்த சைக்கிள்காரர் ஒருவர் எங்களை எட்டிப் பிடித்து, பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா ட்ரைவரே, முன்னால போறியா, பின்னால வர்றியா?"

"முன்னாலதாம்பா. நீ போ," என்றார் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா.

"அப்ப வண்டி ஏன் இப்டி அழுவுது?"

சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார்.

அக்கா புருஷன்

போன வாரம் காக்களூர் தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "நீங்கள் ஆரணியா, அங்கே பட்டுப்புடவை மலிவா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது வேறு ஆரணி. எங்கள் ஆரணி பொன்னேரிப் பக்கம், ஆற்றங்கரையில் இருக்கிறது. எங்களிடம் நெல் கிடைக்கும், கத்தரிக்காய் கிடைக்கும். புடவைக்கு நாங்களே வெளியூர்தான் போகிறோம்.

அந்த ஆரணியில் இருக்கிறாள் என் அக்கா கஸ்தூரி. அவள் புருஷன் ஏகாம்பரம், என் மாமா, கல்கத்தா லைனில் லாரி ஓட்டியவர். மாதவரத்தில் ஒரு முதலாளியின் வண்டி. ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்டைத் தாண்டினால் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் இரண்டு நாள்தான், மறுபடி லோடு ஏறிவிடும்.

சொந்த வீட்டிலேயே மாமா விருந்தாளி. இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால் கூச்சப்படுவார். தெரு நாய்களுக்கு அவரை அடையாளம் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதே பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு, தெருமுனையில் நாய்களுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அக்கா அழுகிற ரகமல்ல. திட்டுகிற ரகம். "நான் இன்னா புருஷனக் கட்டிக்கினேனா, மழையக் கட்டிக்கினேனா, எப்ப வரும்னே தெரியல" என்பாள்.

ஜி.என்.டி. ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மாமா அங்கே இங்கே புரட்டி ஒரு பழைய டீசல் லாரியைச் சொந்தமாக வாங்கினார். முந்தைய முதலாளி ஓட்டி ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட வண்டி. பச்சைக் கலர். டிரைவர் பக்கத்துக் கதவில் ஒரு தாமரைப்பூவும், அதற்குக் கீழே 'கஸ்தூரி' என்றும் எழுத வைத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, பூ முட்டைகோஸ் மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை.

காக்களூரில் எங்கள் கம்பெனி வார்க்கும் இரும்புச் சாமான்கள் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தொழிற்சாலை ஒப்பந்தத்துக்கு ஒரு லாரி தேடியது. நான் மாமா பெயரைச் சொல்லிவைத்தேன். தினமும் ஒரு நடை. காலையில் போனால் சாயங்காலம் வீடு. "பழைய வண்டி என்கிறீர்கள். ஒருமுறை பார்த்துவிடுகிறேன்," என்று அங்கிருந்த டிஸ்பாட்ச் அதிகாரி ஒரு திங்கட்கிழமையைச் சொன்னார். அன்று காலை வண்டி கேட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆள் தயார்.

மாதவரத்து முதலாளியும் சும்மா இருக்கவில்லை. அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை கல்கத்தாவுக்கு ஒரு லோடு, வருகிறாயா என்று போன் மேல் போன். மாமா "சொல்றேன் மொதலாளி" என்று சொல்லியிருந்தார். யாரிடமும் முடியாது என்று சொல்லும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. இந்தக் கதையின் வினையே அதுதான்.

லோகுவின் பெயின்ட் டப்பா

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கிளட்ச் பிளேட் மாற்றுவது ஒரு நாள் வேலை. புதுவாயல் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஆரணி ரோட்டில், லோகு மேஸ்திரியின் ஷெட்டில் வண்டியை விட்டோம்.

லோகு கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைப் படித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவார். டீ வாங்கிக் கொடுக்காமல் யாரையும் அனுப்ப மாட்டார். ஆனால் கழற்றுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் மாட்டுவதில் இல்லை. ஒரு வண்டியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த வண்டி வந்தால், இதை அப்படியே போட்டுவிட்டு அதைக் கழற்றப் போய்விடுவார்.

ஷெட் மூலையில் ஒரு பெரிய பெயின்ட் டப்பா இருந்தது. நிறைய நட்டு, போல்ட்டு, வாஷர். எல்லாம் வேலை முடிந்த வண்டிகளில் மிச்சமானவை. நான் ஒருநாள் கேட்டேன், இதெல்லாம் அந்தந்த வண்டியில் இருக்க வேண்டாமா என்று.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி நைனா," என்றார் லோகு. "நாலு போடுற எடத்துல ஆறு போடுவான். நாம கொறைச்சி, வண்டிய லேசாக்கி உட்றோம். மைலேஜ் குடுக்கும் பாரு."

அவருடைய ஸ்பானர் ஒன்று யாருடைய இன்ஜின் பக்கத்திலோ மாட்டிக்கொண்டு நெல்லூர் வரை போய்த் திரும்பி வந்த கதையை அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த டிரைவர் வழியெல்லாம் ஏதோ சத்தம் வருகிறதே என்று தேடித் தேடி ஓய்ந்து, கடைசியில் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். லோகு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரமா இத்தத்தான் தேடிக்கினு கீறேன். சொல்லிட்டு எடுத்துக்கினு போவக் கூடாதா நைனா?" என்றாராம். டிரைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகக் கேள்வி.

இவ்வளவும் தெரிந்துதான் மாமா அங்கே வண்டியை விட்டார். வேறு இடம் போனால் லோகு வருத்தப்படுவாராம்.

கைமாத்து

முதல் போன் நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். லோகுவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும்.

"நைனா, ஒரு செங்கல் லாரி பெரியபாளையம் கிட்ட மாட்டிக்கினு கீது. ரேடியேட்டர் பூட்ச்சி. ட்ரைவர் நாஷ்டா கூட துன்னாம வண்டிகிட்டயே குந்திக்கினு கீறான். உன் வண்டி சும்மாதான நிக்குது. ரெண்டு நாளைக்கி உன் ரேடியேட்டர மாட்டி உடட்டா?"

"குடு மேஸ்திரி. லோடோட நடுரோட்டுல நிக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும்," என்றார் மாமா.

கல்கத்தா லைனில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் ஒரு வண்டி நின்றுபோயிருந்தால், எவனுடையதாக இருந்தாலும், உன் வண்டியை ஓரம்கட்ட வேண்டும். ஜாக்கி கேட்டால் ஜாக்கி. தண்ணீர் கேட்டால் தண்ணீர். இன்றைக்கு அவன், நாளைக்கு நீ. மாமா அந்த வழக்கத்தை ரோட்டிலிருந்து ஷெட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

லோகு பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே ஒரு டிரைவர் எங்காவது நின்றுகொண்டிருந்தான். ரேடியேட்டருக்குப் பிறகு பேட்டரி போனது. பிறகு இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போனது. முன் சக்கரங்கள் கரும்பு லாரிக்குப் போயின. ஒரு மணல் லாரிக்காக கிரௌனையும் கழற்றிக் கொடுத்தார்கள். கிரௌன் என்பது பின் சக்கரங்களுக்கு நடுவே, இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம். இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது அதுதான். கிளட்ச் பிளேட் மாற்றப்போன எங்கள் லாரி, கொஞ்சம் கொஞ்சமாக ஜில்லா முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

மாமா இதை அக்காவிடம் சொல்லவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அக்கா தானே கண்டுபிடித்தாள்.

நானும் அக்காவும் பொன்னேரியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு தண்ணி லாரி வந்தது. வண்டி முழுக்க நீலம். டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் பச்சை. கதவில் தாமரை, அதன் கீழே 'கஸ்தூரி'. முன்பின் தெரியாத ஒருவன் என் அக்கா பெயரின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பீடி குடித்தபடி எங்களைக் கடந்து போனான்.

"டேய், அது எம் பேருதான?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"எவன்டா அவன், எம் பேர் மேல கைய வச்சிக்கினு போறான்?"

எனக்கு அந்தக் கதவு போனதே தெரியாது. தெரியாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

வீட்டில் மாமா உண்மையைச் சொன்னார். "அவன் வண்டிக் கதவு கழண்டு வுழுந்துட்ச்சி கஸ்தூரி. கதவில்லாம எப்டி ஓட்டுவான்? தூக்கம் வந்தா அப்டியே ரோட்ல வுழுந்துடுவான்."

"கதவக் குடுத்தியே, எம் பேர அழிச்சிட்டுக் குடுக்கக் கூடாதா?"

"அழிக்க மனசு வரலையே."

அக்கா வேறு குரலில் சொன்னாள். "திங்கக்கெழம அந்த வண்டி கம்பெனி கேட்டுல நிக்கலன்னா நீ மறுபடியும் லைனுக்குப் பூடுவ. ஊருல கீறவனுக்கெல்லாம் சாமான் குடுத்து அனுப்புற. நீ ஊட்ல கீறதுக்கு ஒரு வண்டி வோணும்னு உனக்குத் தோணலையா?"

மறுநாள் காலை அக்கா ஷெட்டுக்குப் போனாள்.

அக்கா உட்கார்ந்த டயர்

எங்கள் லாரி மரக்கட்டைகள்மேல் நின்றது. முன்பக்கம் சக்கரம் இல்லை, ஒரு பக்கம் கதவு இல்லை. டிரைவர் சீட்டில் ஒரு கோழி படுத்திருந்தது. லோகு அதை எழுப்ப வேண்டாம் என்றார், முட்டை வைத்திருக்கிறதாம்.

அக்கா சத்தம் போடவில்லை. ஷெட் வாசலில் கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எஞ் சாமானெல்லாம் வர்ற வரைக்கும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன் மேஸ்திரி. நீ உன் வேலையப் பாரு," என்றாள்.

"பேஜாரு பண்ணாத தாயி. எல்லாம் ரெண்டு நாள்ல வந்துடும்," என்றார் லோகு.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள், தூக்கில் மோர்சாதம் எடுத்துக்கொண்டு. லோகு ஒவ்வொருவருக்காகப் போன் போட ஆரம்பித்தார். ரேடியேட்டர் வந்தது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சக்கரங்களும் வந்தன. கிளட்ச் பிளேட்டும் ஒருவழியாக மாறியது. தண்ணி லாரிக்காரன் கதவைக் கொடுத்துவிட்டு, "நல்ல கதவுக்கா" என்று அக்காவிடமே சொல்லிவிட்டுப் போனான். கோழி, முட்டைகளோடு ஒரு கூடைக்கு மாற்றப்பட்டது.

கிரௌன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. அது ஆடி மாதம். அன்று அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், விழாக் கமிட்டியில் லோகு முக்கியஸ்தர். மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கூப்பிடக் கூப்பிட "தோ வண்ட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே கிரௌனை மாட்டி முடித்தார்.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாமா?" என்று நான் கேட்டேன்.

"என் கைமேல நம்பிக்க இல்லியா நைனா?" என்று கேட்டுவிட்டுக் கூழ் ஊற்றப் போய்விட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் போனோம். இன்ஜின் ஒரே தட்டில் கிளம்பியது. மாமா ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை விட்டார். வண்டி பின்னால் போய் டயர் அடுக்கைச் சாய்த்தது.

"ரிவர்ஸ் போட்டுட்ட நைனா," என்றார் லோகு. கல்கத்தா லைனில் ஆயுசில் பாதியை ஓட்டிய மனிதரிடம் சொன்னார்.

மாமா செகண்ட் போட்டார். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போனது. லோகு தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். ஷெட்டின் பின்பக்கத் தட்டியும் சாய்ந்தது. இறங்கி, வண்டிக்குக் கீழே படுத்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"கிரௌன் பக்கம் மாறி உக்காந்துக் கீது," என்றார், ஏதோ அது தானாக நடந்து போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி. வலப்பக்கம் இருக்க வேண்டிய பல்சக்கரத்தை இடப்பக்கமாகப் பூட்டிவிட்டார். அதனால் சக்கரங்கள் எதிர்த் திசையில் சுற்றுகின்றன. கழற்றி மாட்ட முழுசாக ஒரு நாள் வேண்டும்.

"இப்ப இன்னா பண்றது?" என்றேன்.

லோகு யோசித்தார். "ரெண்டு நாள் ஓட்டு நைனா. செட்டாயிடும்."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் அச்சில் போட மாட்டார். எத்தனையோ பேரிடம் சொல்லி வாங்கிய வாய்ப்பு, அக்கா நாள் கணக்கில் டயர்மேல் உட்கார்ந்தது, எல்லாம் ஒரு கூழ் அண்டாவில் போய்விட்டது. நான் கத்தினேன். லோகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போனார்.

மாமா கத்தவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு ஏறி ரிவர்ஸ் கியரைப் போட்டார். லாரி ஹாரனில் பாடிக்கொண்டு மெதுவாக முன்னால் நகர்ந்தது.

"போவுது. போதும், ஏறு மச்சான்," என்றார்.

"ஹாரன் ஒயரையாவது புடுங்கிடலாம் மேஸ்திரி," என்று லோகுவிடம் சொன்னேன்.

"அத்தப் புடுங்குனா பிரேக் லைட்டும் பூடும். ரெண்டத்தையும் ஒண்ணாத்தான் முறுக்கி வச்சிக்கீறேன்."

ரோட்டில் ஒரு பேச்சு

இப்படித்தான் அந்தச் சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார்.

அவருக்குப் பிறகு இரண்டு எருமைகள் முந்தின. ரோடு போடும் ஆட்கள் ஜல்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாம், அதிகாரியிடம் வண்டி ரிப்பேர் என்று சொல்லி ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"கேட்டா குடுக்க மாட்டாரு மச்சான். அடுத்த வண்டி நிக்குது," என்றார் மாமா. கொஞ்ச தூரம் ஓட்டினார். அந்த வேகத்தில் கொஞ்ச தூரம் என்பது நிறைய நேரம்.

பிறகு அவராகவே பேசினார். "எளாவூர் செக்போஸ்டுல எந்தக் கடைல டீ நல்லாருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரிசாவுல எந்த டாபாவுல கட்டில் ஆடாம இருக்கும்னு தெரியும். எங்க ஊட்ல சக்கர டப்பா எங்க கீதுன்னு தெரியாது மச்சான். போன தடவ நானே டீ போடலாம்னு தேடுனேன். கெடைக்கல. கஸ்தூரிகிட்ட கேக்கவும் வெக்கமா இருந்திச்சி."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன். ஹாரன் பாடிக்கொண்டே இருந்தது.

அதிகாரி பார்த்த காட்சி

தொழிற்சாலை கேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு புது லாரி நின்றது. ஒப்பந்தத்துக்குப் போட்டி.

அங்கே இருந்த ஏற்பாடு எனக்கு அதுவரை தெரியாது. லோடு இறக்கும் மேடை உள்ளே தூரத்தில் இருந்தது. கேட்டிலிருந்து அதுவரைக்கும் இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய சந்து. உள்ளே வண்டி திருப்ப இடம் கிடையாது. அதனால் எந்த லாரியாக இருந்தாலும் கேட்டுக்குப் பக்கத்திலேயே திருப்பி நிறுத்தி, சந்து முழுவதையும் பின்னாலேயே போய்ச் சேர வேண்டும். திரும்பும்போது நேராக வரலாம். அதிகாரி பார்க்க விரும்பியது அதைத்தான்.

மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒல்லியான மனிதர் அந்த அதிகாரி. புது லாரிக்குக் கையைக் காட்டினார். அது ரிவர்ஸில் உறுமிக்கொண்டு போய், பாதியில் கோணி, முன்னால் வந்து, மறுபடி போய், ஷெட்டின் தகரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு நின்றது. திரும்பி வரும்போது அந்த டிரைவர் எரிச்சலில் பறந்து வந்தான். அதிகாரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தார். "ரொம்பப் பழசா இருக்கேப்பா."

"பழசுதான் சார்," என்றார் மாமா.

வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டார். லாரி சந்துக்குள் பின்னால் நகர்ந்தது.

"ரிவர்ஸ் ஹாரன் இல்லையா?" என்று அதிகாரி கேட்டார். இருந்தது, ஆனால் இப்போது பாடாதே. எங்கள் லாரி பின்னால் போக ஃபர்ஸ்ட் கியர்தானே போட வேண்டும்.

"நான் இருக்கேன் சார்," என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, வரலாம்" என்று ஸ்டோர் கீப்பர் உத்தியோகத்தையெல்லாம் மறந்து கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்போது மாமா செகண்ட் கியர் போட்டார். பின்னால் போகும் லாரியில் கியர் மாற்றும் சத்தத்தை அந்த அதிகாரி அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். உறுமல் இல்லாமல், திணறல் இல்லாமல், பச்சை லாரி சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. நான்தான் ஓட முடியாமல் மேடைமேல் தாவி ஏறிக்கொண்டேன். வண்டி மேடைக்கு முன்னால் அலுங்காமல் வந்து நின்றது.

மாமா திரும்பி வந்தார். ரிவர்ஸ் கியரில், நேராக, ஹாரன் பாட, அதிகாரியின் முகத்துக்கு எதிரே, ஆமை வேகத்தில் வந்தார். நான் நடந்து வந்து அவருக்கு முன்பே சேர்ந்துவிட்டேன்.

அதிகாரி வாட்சைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். "முன்னால வரும்போது ஏன் பாடுது?"

போச்சு என்று நினைத்தேன். மாமாவுக்குப் பொய் வராது.

"உள்ள கொஞ்சம் மாறிப் பூட்ச்சி சார். சரி பண்ணிடுறேன்."

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்," என்றார் அதிகாரி. "இங்க ஆளுங்க கண்ணை எங்கேயோ வச்சிக்கிட்டு நடக்கிறாங்க. முன்னால வரும்போதும் பாடினா நல்லதுதான்." பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உள்ளே மெதுவா ஓட்டுங்கன்னு தினமும் தொண்டை கிழியக் கத்துறேன். ஒருத்தரும் கேக்கிறதில்ல. நடக்கிற வேகத்துல வண்டி ஓட்டின முதல் டிரைவர் இவர்தான். ரிவர்ஸ்ல என்ன ஒரு கை. எங்க பிடிச்சீங்க?"

"எங்க அக்கா புருஷன் சார்," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அந்த வாரத்திலிருந்தே வண்டி ஓடலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம்

வழியில் லோகுவின் ஷெட்டில் வண்டியை விட்டோம். வேறு இடம் போகலாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் மாமா கேட்கவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு லோகு மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"நான் அப்டி மாட்டலன்னா உனக்கு இந்தக் கான்ட்ராக்ட் கெடச்சிருக்குமா நைனா? சொல்லு."

மாமா "கெடச்சிருக்காது மேஸ்திரி" என்றார். வேறு ஒருவர் சொல்லியிருந்தால் கிண்டல் என்று நினைக்கலாம். மாமா நிஜமாகவே சொன்னார். மறுநாளே கிரௌன் சரியான பக்கத்துக்குப் போனது. முன்னால் போகும்போது ஹாரன் பாட வேண்டும் என்று அதிகாரி சொன்னதால் லோகு ஒரு ஒயரை இழுத்து எதனோடோ முறுக்கினார். அதிலிருந்து வைப்பரும் சேர்ந்து ஆட ஆரம்பித்தது.

அன்று நாங்கள் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா அடுப்படியில் இருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆனாலும் முழுசாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மாதவரத்து முதலாளியின் போன் வந்தது. மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு அடித்து ஓயட்டும் என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓயவில்லை. எடுத்தார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"இல்ல மொதலாளி," என்றார் மாமா. "வர முடியாது."

மறுபடி ஏதோ சொன்னார்கள்.

"இல்ல. எப்பவுமே வர முடியாது. நான் ஊட்ல இருக்கேன்."

போனை வைத்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைக் காட்டாமலே கேட்டாள்.

"நாளைக்கி ராத்திரிக்கி இன்னா கொழம்பு வைக்கட்டும்?"

மாமா என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"நீ இன்னா இன்னா கொழம்பு வைப்ப?" என்றார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.